வெட்டு மேசையில் இரண்டு வட்டம்

எங்கள் தையல் கூடத்தில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். வைத்தது நான்தான். துணி வெட்டுகிறவள் என்பதற்காக வைத்த பெயர் இல்லை. அவள் வெட்ட வருவதற்கு நாலு வருஷம் முன்பே வைத்துவிட்டேன். வாய்க்காக வைத்தது.

அப்போது அவள் நூல் பிசிறு நறுக்குகிற மூலையில் உட்கார்ந்திருந்தாள். வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஒரு சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இத வெட்டினவரு கண்ணாடிய போட்டுக்கிட்டு வெட்டினாரா, கழட்டி வெச்சிட்டு வெட்டினாரா?" என்று கேட்டாள். வெட்டினவர் முதலாளியின் மச்சான். அவர் அவளுக்கு ரெண்டு அடி பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"ஏண்டி, இந்த வேலை உனக்கு வேணுமா வேணாமா?" என்று காதில் கேட்டேன்.

"வேணும் பெரியம்மா. அதுக்காக இந்தச் சட்டைக்குள்ள கை நுழையுமா?"

ஒரு பக்கத்துக் கை வளைவில் யானை நுழையலாம், மறுபக்கத்தில் எலிதான் நுழையலாம். மச்சான் கெட்ட மனிதர் இல்லை. கைதான் கோணல். முதலாளிக்கும் அது தெரியும். பெண்டாட்டியின் தம்பியை என்ன செய்ய முடியும்? நாலு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, துணி நஷ்டம் தாங்காமல், மச்சானைக் கணக்கு அறைக்கு அனுப்பி, கத்தரியை மேசைக்குக் கொண்டுவந்தார். வெட்டு மேசையில் ஒரு பெண் நிற்பது எங்கள் கூடத்தில் அதுதான் முதல் தடவை.

அந்த வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். இருபது அடி நீள மேசை. அதன்மேல் ஐம்பது துணியை ஒன்றின்மேல் ஒன்றாகச் சுருக்கமில்லாமல் விரிக்க வேண்டும். அதற்கு அடுக்கு என்று பேர். மேல் துணியில் அளவு அட்டையை வைத்துச் சாக்கட்டியால் கோடு போட வேண்டும். அப்புறம் கரண்டில் ஓடுகிற கத்தி மெஷினைக் கோட்டின்மேல் ஓட்ட வேண்டும். கத்தி ஒரு நூல் விலகினால் ஐம்பது உடுப்பு போச்சு. தொட்ட அடுக்கை முடிக்காமல் மேசையை விட்டு நகரவும் கூடாது. நகர்ந்தால் துணி சரியும். மேசையைச் சுற்றி ரெண்டு முழத்துக்குத் தண்ணீர், டீ எதுவும் வரக்கூடாது. முக்கியமாக, நடு மேசைக்குக் கை எட்ட வேண்டுமானால் நன்றாகக் குனிய வேண்டும். குனிந்தால் மார் மேசை விளிம்பில் அழுந்தும். ஆம்பிளைக்கு அதில் ஒன்றுமில்லை.

மேசைக்கு வந்தபிறகு கத்தரி பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற ஒருத்தனைக் கட்டிக்கொண்டாள். பஸ்ஸில் நூறு பிள்ளைகள் கத்தினாலும் முகம் சுளிக்காத மனுஷன். ஒரு பெண் குழந்தை பிறந்தது. மூன்று மாசம் லீவு. அதுவரை மச்சான் திரும்பவும் மேசையில் நின்றார். அவள் வந்த அன்றைக்கு முதலாளி சொன்னார்.

"ஒரு மாசம் பாக்கறேன்மா. கைக்குழந்தைக்காரி, கவனம் எப்படி இருக்கும்னு தெரியல. துணி கெட்டுச்சுன்னா நீ மெஷினுக்கு, மச்சான் மேசைக்கு. சரியா?"

"மச்சான் வெட்டினா கெடறதுக்குத் துணி மிஞ்சினாத்தானே முதலாளி" என்றாள். ஆனால் குரலில் பழைய கூர் இல்லை. அவளுக்குப் பயம் வந்திருந்தது. எனக்குத் தெரிந்தது.

பால் ஒழுகுவதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பிள்ளை பெற்றதை ஊரெல்லாம் சொல்கிறார்கள், பல் முளைத்ததைச் சொல்கிறார்கள், இதை மட்டும் ஏதோ திருட்டுப் போல மறைக்கிறார்கள். காலை ஆறு மணிக்குக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு வருவாள். பத்து மணிக்கெல்லாம் மார் கல்லாகிவிடும். அப்புறம் ஒரு சாக்குப் போதும். தெருவில் எவள் குழந்தையாவது அழுதால் வரும். மெஷின்காரி ஒருத்தி தன் போனில் குழந்தை சிரிக்கிற சத்தம் வைத்திருந்தாள், அது அடித்தால் வரும். ஒருநாள் சன்னலுக்கு வெளியே பூனை கத்தினதற்கே வந்துவிட்டது.

"பூனைக்குமாடி ஊட்டப்போற?" என்றேன்.

"சிரிக்காதீங்க பெரியம்மா, சிரிச்சா இன்னும் வருது."

கறுப்புச் சட்டையாகப் போட்டுக்கொண்டு வந்தாள். கறுப்பில் ஈரம் தெரியாது. காய்ந்தால் அப்பளம் மாதிரி விறைக்கும், சாயங்காலத்துக்குள் புளித்த வாடை அடிக்கும். அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவில் கழிவறைக்கு ஓடிக் கைகழுவுகிற தொட்டியில் பீய்ச்சிவிட்டு வருவாள். ஒருநாள் நான் உள்ளே போனபோது தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"வீட்ல அது பசியில விரல சப்புது. இங்க தொட்டி குடிக்குது பெரியம்மா. என் நாத்தனார் சொல்றா, புட்டிப்பாலுக்கு மாத்திட்டு மார இறுக்கக் கட்டிடு, ஒரு வாரத்துல வத்திடும்னு."

"அவ சொல்றது சரிதான். கட்டிடு. மேசை போனா திரும்பி வராது" என்றேன் நான். மூன்று பெற்றவள் நான், எனக்குத் தெரியாதா என்ற நினைப்பு.

மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "பொண்ணுக்கும் மேசைக்கும் நடுவுல கோடு போட்டு வெட்டச் சொல்றீங்களா? நல்ல வெட்டுக்காரிதான் நீங்க. போங்க, போயி பொத்தான் தைங்க."

எனக்குச் சுருக்கென்றது. போய்ப் பொத்தான் தைத்தேன்.

அடுத்த திங்கட்கிழமை முகம் தெளிந்து வந்தாள். என்னை மூலைக்கு இழுத்துப்போய்ச் சட்டைக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்துக் காட்டினாள். சின்னக் கிண்ணம் மாதிரி இருந்தது. சட்டைக் காலர் விறைப்பாக நிற்க உள்ளே வைக்கிறோமே கேன்வாஸ், அதில் மிஞ்சின துண்டை வட்டமாக வெட்டி, நடுவில் மடிப்புப் பிடித்து, ஓரம் அடித்திருந்தாள். தையல் ஊசி போட்ட இடமே தெரியவில்லை.

"அளவெடுத்து வெட்டினேன். அப்படியே உக்காருது. நாலு மணி நேரம் நின்னாலும் வெளிய தெரியாது."

"அடி, ராணி போட்டுக்கலாம்டி இத" என்றேன். உண்மையிலேயே அழகாக இருந்தது.

நாங்கள் இருவரும் துணியோடு பிழைக்கிறவர்கள். ஆனாலும் ஒருத்திக்கும் புத்தி வேலை செய்யவில்லை. காலர் கேன்வாசுக்குப் பசை பூசியிருக்கும். அது தண்ணீரைக் குடிக்காது. அளவு பார்த்தாள், அழகு பார்த்தாள், குடிக்குமா என்று பார்க்கவில்லை. நிமிர்ந்து நிற்கும்வரை பால் கிண்ணத்தில் தேங்கி நிற்கும். குனிந்தால்? கிண்ணத்தைச் சாய்த்தால் என்ன ஆகுமோ அதுதான்.

அந்த வாரம் மேசையில் ஆஸ்பத்திரி நர்ஸ்களுக்கான கோட்டு. எல்லாம் வெள்ளை. வெள்ளைத் துணியில் பால் விழுந்தால் யாருக்குத் தெரியும்? விழுந்தது, காய்ந்தது. அவளுக்கே தெரியவில்லை. கறுப்புச் சட்டை ஈரமாக இருக்கிறதே என்று நினைத்தாளாம், அவ்வளவுதான்.

புதன்கிழமை கோட்டெல்லாம் தைத்து இஸ்திரிக்குப் போனது. இஸ்திரிக்காரன் பெட்டியை வைத்து எடுத்ததும் கோட்டின் முதுகில் ஒரு சாண் இடைவெளியில் பழுப்பாக இரண்டு வட்டம் எழும்பி வந்தது. பேய் கண் திறந்த மாதிரி இருந்தது. அடுத்த கோட்டிலும் அதே இடத்தில், கொஞ்சம் மங்கலாக. அவன் பதறிப்போய்க் கூப்பிட்டான். முதலாளி வந்தார், மச்சான் வந்தார், நாங்களும் சுற்றி நின்றோம்.

"உன் பெட்டி துரு கக்குதுன்னு போன மாசமே சொன்னேன்ல?" என்றார் முதலாளி.

"பெட்டிய நேத்துதான் கழுவினேன் முதலாளி. இது துரு இல்ல. சத்தியமா நான் இல்ல."

"பெட்டியும் இல்ல, நீயும் இல்ல, அப்ப கோட்டு தானா பழுத்துச்சா? இந்த வாரத்தோட நீ கெளம்பு. போதும்."

மச்சான் குனிந்து மோந்து பார்த்தார். "டீ மாதிரி இருக்கு அத்தான்."

நானும் மோந்தேன். அடுப்பில் பொங்கி வழிந்த பால் வாடை. தலையைத் தூக்கிக் கத்தரியைப் பார்த்தேன். அவள் முகம் அந்தக் கோட்டைவிட வெளுத்திருந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. சும்மா இருந்தால் இஸ்திரிக்காரன் தலையோடு போய்விடும், மேசை மிஞ்சும். என் நாக்கை நான் கடித்துக்கொண்டேன். அதைக் கடித்தது என் ஆயுசில் அன்றைக்குத்தான்.

"முதலாளி, இஸ்திரி அண்ணன விடுங்க. அது நான்" என்றாள் கத்தரி.

"நீயா? மேசைகிட்ட டீ கொண்டுபோனியா?"

"டீ இல்ல. என் பால்."

முப்பது மெஷினும் நின்றுவிட்டது. முதலாளிக்குப் பார்வையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தார். மச்சான் தன் செருப்பைப் பார்த்தார்.

"விசிறிகிட்ட என்னத்த கேக்கறீங்க முதலாளி?" என்றேன் நான். கடித்த நாக்கு அவிழ்ந்துகொண்டது. "பிள்ளை பெத்தவளுக்குப் பால் ஒழுகும். உங்களுக்கும் ஒருத்தி ஒழுகித்தான் இந்த உடம்பு வந்துச்சு."

"சும்மா இருங்கம்மா நீங்க!" என்றார். காது சிவந்துவிட்டது. கத்தரியிடம் திரும்பினார். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நான் முதல் நாளே சொன்னேன். துணி கெட்டா..."

"ரெண்டு கோட்டுத் துணிக்கு என் சம்பளத்துல புடிச்சுக்குங்க. ஆனா ஒண்ணு கேளுங்க. ஐம்பது துணி ஒரே அடுக்கு, மூணரை மணி நேரம். நடுவுல மேசைய விட முடியாது. அதான் கட்டிக்குது, ஒழுகுது. ரெண்டு அடுக்கா போட்டுத் தாங்க, இருபத்தஞ்சு இருபத்தஞ்சா. நடுவுல பதினஞ்சு நிமிஷம். எம் புருஷனுக்குக் காலை டிரிப் முடிஞ்சா ரெண்டு மணிவரை பஸ் இல்ல, அவரு பிள்ளைய வாசல் கேட்டுக்குக் கொண்டுவருவாரு. குடுத்துட்டு வந்துட்டா ஒரு சொட்டு விழாது."

"ரெண்டு அடுக்குன்னா ரெண்டு தடவ கோடு போடணும். முக்கால் மணி நேரம் அதுக்கே போயிடும். யாரு குடுக்கறது அந்த நேரத்த?"

அவள் போய் மேசைக்கடியிலிருந்து நீளமாகச் சுருட்டின காகிதம் ஒன்றை எடுத்து வந்து விரித்தாள். நர்ஸ் கோட்டின் அத்தனை துண்டும் அதில் வரைந்திருந்தது. வரைந்த கோடு நெடுகப் பொடிப்பொடியாக ஓட்டை. நூல் கோக்காத மெஷினில் காகிதத்தை ஓட்டி ஊசியால் குத்தியிருந்தாள். அதைத் துணிமேல் போட்டு, சாக்கட்டிப் பொடி கட்டின சின்னத் துணி மூட்டையால் மேலே தட்டினாள். காகிதத்தைத் தூக்கினால் கீழே கோடு, புள்ளி புள்ளியாக, பிசகாமல்.

"ரெண்டு நிமிஷம்" என்றாள். "லீவுல இருக்கும்போது, பிள்ள மடியில தூங்கறப்ப யோசிச்சேன். என்னிக்காவது உதவும்னு."

முதலாளி குனிந்து அந்தப் புள்ளிகளை விரலால் தொட்டுப் பார்த்தார். வியாபாரி அல்லவா. மச்சானைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நாளைக்கு ஒரு நாள். ஐம்பது கோட்டு, ரெண்டு அடுக்கு. ஒரு மணிக்குள்ள முடியணும். ஒரு சொட்டு விழுந்தா, ஒரு வளைவு கோணினா, மேசை மச்சானுக்கு. பேச்சு இல்ல."

இஸ்திரிக்காரன் சாயங்காலம் அவள் வெளியே போகும் வழியில் நின்றான். நன்றி சொல்லத் தெரியாத ஆள். துணி தீய்ந்துபோகாமல் மேலே போட்டுத் தேய்க்கிற பழைய பருத்தித் துணி ஒன்றை மடித்துக் கையில் வைத்திருந்தான். நூறு தடவை துவைத்துப் பஞ்சாகிப்போனது.

"தங்கச்சி, இது ஒரு சொம்பு தண்ணிய அப்படியே குடிக்கும்" என்று சொல்லி அவள் கையில் திணித்துவிட்டு, பெண்களிடம் பேசத் தகாததைப் பேசிவிட்டவன் போல ஓடிப்போனான்.

மறுநாள் எட்டு மணிக்கு முதல் அடுக்கை விரித்தாள். அந்தப் பருத்தியை எட்டு மடிப்பாக வட்டம் வெட்டித் தைத்து உள்ளே வைத்திருந்தாள். ஆறு ஜோடி, மாற்றிக்கொள்ள. பத்தரைக்குக் குழந்தையைக் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். பொடி தட்டினாள், கத்தியை எடுத்தாள். முதலாளி மேசையின் தலைமாட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் பொத்தானை எண்ணுகிற சாக்கில் பக்கத்தில் உட்கார்ந்தேன். எல்லாம் நன்றாகத்தான் போனது. முன்பக்கம், முதுகு, பை, காலர். கடைசியாகக் கை வளைவு. அதுதான் கஷ்டம். வளைவில் கத்தி நின்றால் அந்த இடத்தில் ஓரம் பல் பல்லாகிவிடும். ஒரே மூச்சில் ஓட்டி எடுக்க வேண்டும்.

பத்தே காலுக்கு அவள் கத்தியை வளைவில் நுழைத்தாள். பத்தே காலுக்கே அந்தப் பஸ்காரனும் வந்து சேர்ந்தான். ஆர்வக்கோளாறு! கேட்டிலிருந்து குழந்தை வீறிட்டது. அவனும் "ஓ ஓ ஓ" என்று பாடினான். அவன் பாட்டுக்குக் குழந்தை இன்னும் ஓங்கிக் கத்தியது. எனக்கே தூக்கிப் போட்டது.

கத்தரி கத்தியை நிறுத்தவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. ரெண்டு கையும் கத்தியில். நடு மேசைக்குக் குனிந்திருக்கிறாள், கீழே வெள்ளைத் துணி.

முதலில் இஸ்திரிக்காரன்தான். பெட்டியில் ஆவி விடுகிற விசையை அழுத்தினான், புஸ்ஸென்று கூடம் அதிரும்படி. அழுத்தினவன் விடவேயில்லை. அடுத்த நொடி போனில் குழந்தைச் சிரிப்பு வைத்திருந்தாளே அந்த மெஷின்காரி, துணியே இல்லாத மெஷினைக் காலால் மிதித்து ஓட்டினாள். அவளைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவள், அவளைப் பார்த்து அவளுக்குப் பின்னால் இருந்தவள். முப்பது மெஷினும் காலியாகக் கடகடவென்று ஓடின. குழந்தை அழுகிற சத்தம் எங்கே போனதென்றே தெரியவில்லை. காலி மெஷினை ஓட்டினால் முதலாளிக்கு ஆகாது, ஊசி போகும் என்று கத்துவார். அன்றைக்கு வாயைத் திறந்தார். எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

கத்தி வளைவைச் சுற்றி வெளியே வந்தது.

அவள் மெஷினை நிறுத்தி, மேசையிலிருந்து ரெண்டு அடி பின்னால் போய், இரண்டு முழங்கையாலும் மாரை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். மற்ற மெஷின்களும் நின்றன. முதலாளி மேல் துணியின் மேல் உள்ளங்கையை வைத்துத் தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை தடவிக்கொண்டே போனார். அவள் குனிந்த இடத்தில் நின்று ரெண்டு தடவை தடவினார். அப்புறம் ஒரு துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். இன்னொரு பக்கத்துக் கை வளைவை அதன்மேல் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒன்று.

"காஞ்சுதான் இருக்கு" என்றார். யாரையும் பார்க்காமல். "போம்மா, அது தொண்ட கிழியுது வெளிய."

அவள் போகும்போதே பொத்தானைக் கழட்டிக்கொண்டு ஓடினாள். சன்னல் வழியாகப் பார்த்தேன். பஸ்காரன் கையில் இருந்து பிடுங்கி, படியிலேயே உட்கார்ந்து, சட்டைக்குள் சேர்த்துக்கொண்டாள். அவனை என்னவோ திட்டினாள். திட்டிக்கொண்டே ஒரு கையால் அவன் காதைப் பிடித்துத் திருகினாள். அவன் சிரித்துக்கொண்டே திருகக் கொடுத்தான். குழந்தை முட்டி முட்டிக் குடித்தது. எனக்கு ஊசி எங்கே போகிறதென்று தெரியவில்லை, கண் கலங்கி. பொத்தானைத் தலைகீழாகத் தைத்துவிட்டு அவிழ்த்தேன்.

திரும்பி வந்தபோது முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். "பதினஞ்சு நிமிஷம்னு சொன்னே. பத்தொம்பது ஆச்சு."

"குடிச்சவகிட்ட கேளுங்க முதலாளி. நான் சீக்கிரம்தான் நிறுத்தச் சொன்னேன்."

இரண்டாவது அடுக்கைப் பன்னிரண்டே முக்காலுக்கு முடித்தாள். நான் கட்டி வற்ற வைக்கச் சொன்னதை அன்றைக்கு ஒப்புக்கொண்டேன். "நான் சொன்னது தப்புடி" என்றேன். "எனக்குத் தெரியும் பெரியம்மா, நீங்க பொத்தான்தானே" என்றாள். எப்படிப்பட்ட வாய் பாருங்கள்!

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது முதலாளி சுவரில் இருக்கிற கறும்பலகையில் மறுநாள் வேலையை எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் வெட்டு மேசையில் ஐம்பது துணிக்கு எப்போதும் ஒரு கட்டம்தான் போடுவார். அன்றைக்கு ஒரு கட்டம் போட்டார், கொஞ்சம் இடம் விட்டார், பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டார்.